மொட்டைமாடி மேகவியல்

மேகங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டி வகைப்படுத்தும் வேலையை 1802-இல் லண்டனில் தொடங்கிவைத்தவர் லூக் ஹோவர்ட் என்னும் மருந்து வணிகர். கீற்று, திரள், படை, கார் என்று தமிழ்ப் பாடநூல்கள் இன்று சொல்லும் பெயர்கள் அவர் லத்தீனில் வைத்தவற்றின் வழிவந்தவையே. உலக வானிலை அமைப்பு அவற்றைப் பெருக்கிப் பத்துப் பேரினங்களாக வைத்திருக்கிறது. சென்னையின் மேற்குப் புறமான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலோ மேகம் இரண்டே இனம்: கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வைப்பது ஒன்று, எடுக்க வைக்காதது மற்றொன்று. இந்த வகைப்பாடு எந்த நூலிலும் ஏறவில்லை என்றாலும், நாள் தவறாமல் சோதிக்கப்பட்டு வருவது இது ஒன்றுதான்.

பழைய நிகண்டு மரபு மேகங்களை ஏழாக எண்ணியது. சம்வர்த்தம் மணியையும், ஆவர்த்தம் நீரையும், புட்கலாவர்த்தம் பொன்னையும், சங்காரித்தம் பூவையும், துரோணம் மண்ணையும், காளமுகி கல்லையும், நீலவருணம் தீயையும் பொழியும் என்பது அதன் கணக்கு. ஏழில் நீர் பொழிவது ஒன்றே என்பதைக் கவனித்தால், கோடைதோறும் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் ஏன் செய்தித்தாளில் இடம்பிடிக்கின்றன என்பது விளங்கிவிடும். துரோணம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மணல் லாரிகளின் பின்னால் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது; புட்கலாவர்த்தம் மனை விற்பவர்கள் வீட்டின் மேல் மட்டுமே பெய்கிறது போலும்.

மேகம் பிறக்கும் விதம் எளிதானது. வெயிலில் சூடேறிய தரைக்காற்று இலேசாகி மேலெழும். மேலே அழுத்தம் குறைவதால் விரியும், விரிவதால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் குளிரும். குளிரக் குளிர ஈரத்தைத் தாங்கமாட்டாத நிலையை, அதாவது பனிநிலையை, எட்டியதும் அதிலுள்ள நீராவி துளியாகும். துளி வந்து ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும், அது கடலுப்பாகவோ புகையாகவோ மண்ணாகவோ இருக்கலாம் என்பது விதி. தொழிற்பேட்டை உள்ள ஊரில் இந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டராக உள்ள வெண்திரள் மேகத்தில் ஏறக்குறைய 500 டன் நீர் இருக்கும் என்பர். ஆவடியில் தயாரான முதல் வகை அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்குச் சற்று மேல் என்பதால், வடகம் காயும் மாடிக்கு மேலே பஞ்சுப்பொதியாய் நின்று பரம சாதுவாகத் தோன்றும் அந்த மேகம் எட்டு டாங்கிகளுக்கு மேல் கனமுள்ளது. அது தலையில் விழாமல் இருப்பதற்குத் துளிகளின் பொடிமையே காரணம்: மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பருமனுள்ள துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும், மேலெழும் காற்று அதையும் தாங்கிப் பிடித்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இவ்வட்டாரத்து மேகவியலுக்குப் பொற்காலம். மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும்; மெரினாவில் நண்பகலிலேயே காற்று வாங்குவோர் இருக்க, அதே காற்று அமைந்தகரையையும் பாடியையும் கடந்து அம்பத்தூர் வந்து சேர்வதற்குள், அலுவலகம் விட்டுப் பேருந்தில் வருபவரைப் போலவே, களைத்துப்போகும். இரு காற்றுகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லாததால், கார்திரள் மேகம் ஒரு மணி நேரத்திற்குள் 15 கிலோமீட்டர் உயரம் வரை வளர்ந்து, உச்சியில் கொல்லன் பட்டடைபோலத் தட்டையாக விரியும். "மேற்கே கருத்துக்கிட்டு வருது" என்ற குரல் ஒரு மாடியில் எழுந்ததும் தெருவே படியேறும். கைதேர்ந்தவர்கள் கருப்பைக் கண்டு அசைவதில்லை. புழுக்கம் சட்டென்று விலகி, மண்வாசனையோடு குளிர்ந்த காற்று வீசி, தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாயும்வரை காத்திருப்பார்கள். மேகத்தினுள் மழையால் குளிர்ந்து கீழே கொட்டிய காற்று மழைக்கு முன்னதாகத் தரையில் பரவி ஓடிவருவதே அது என்பதால், அவர்கள் கணிப்பு அறிவியலுக்கு ஒத்ததே. கிளிப்பைக் கழற்றக்கூட நேரமின்றிப் பள்ளிச் சீருடையை உருவி, கிளிப்போடு கட்டிலில் வீசுவது மட்டும் நூல்களில் இல்லாத பகுதி.

மேகமூட்டத்தை அளக்க வானிலையாளர் வானத்தை எட்டுப் பங்காக்கி, மூடியிருப்பது எத்தனை பங்கு என எண்ணுவர். "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்" என்ற அறிவிப்பு இக்கணக்கின் வழி வருவது. இரண்டு அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே தெரியும் வானத்தில் இக்கணக்கு ஒன்று பூஜ்யம் காட்டும், இல்லையேல் எட்டு காட்டும்.

மூடுபனி என்பது தரையில் படுத்த படைமேகமே. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழந்து குளிர, காற்றும் அசையாதிருந்தால், கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளை ஒட்டிய ஈரக்காற்று தரையோடு உறைந்தாற்போல் நிற்கும். பார்வை ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கினால்தான் அதற்கு மூடுபனி என்ற பட்டம், அடங்காவிட்டால் வெறும் பனிமூட்டம். போகியன்று விடியலில் இதனோடு பழம்பாயும் டயரும் சேர்ந்துகொள்ள, 2018-இல் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பனியையும் புகையையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம், மூக்கு போதும். மூடுபனியில் நனைந்த துணி ஒன்பது மணி வெயிலில் காய்ந்துவிடும். போகிப் புகையில் கிடந்த துணியை மறுபடியும் துவைக்கத்தான் வேண்டும்.