எஃப்5 தட்டினால் வேகம் கூடுமா?

கேள்வி: கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் என் கணவர் திரையில் வலது கிளிக் செய்து ‘ரிஃப்ரெஷ்’ என்பதைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். “இப்பதான் மெஷின் சூடு பிடிக்கும்” என்கிறார். பிடிக்குமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: பிடிக்காது. விரலுக்குத்தான் பயிற்சி. ரிஃப்ரெஷ், எஃப்5 இரண்டும் ஒன்றே. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டு என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இப்போதுதான் சேமித்த ஃபைல் கண்ணில் படவில்லையென்றால் ஒரு தடவை தட்டலாம். ரேமைக் காலி செய்வது அதன் வேலை இல்லை.

வேகம் வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போனால், மெஷின் ஆன் ஆகும்போதே கூடவே எழுந்து உட்காரும் புரோகிராம்கள் வரிசையாகத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் தொடும் வீடியோ மீட்டிங் மென்பொருள், பழைய பிரிண்டரோடு வந்த உதவியாளர், எப்போதோ ஆடிய விளையாட்டு எல்லாம் அங்கே இருக்கும். தேவையில்லாததை ‘டிஸேபிள்’ செய்யலாம். அது புரோகிராமை அழிக்காது, தானாக எழுவதை மட்டுமே தடுக்கும். ஆன்டிவைரஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சவுண்டு வரவில்லையென்று ஷட் டவுன் செய்து மறுபடி போட்டேன். வரவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தேன். வந்துவிட்டது! இரண்டும் ஒன்றுதானே?
– வங்கி ஊழியர், கரூர்

பதில்: பெயரளவில் ஒன்று. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்பகுதியின் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. மறுபடி போட்டதும் அதையே எடுத்துப் படிக்கிறது. சவுண்டு டிரைவர் குழம்பியிருந்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தேதான் எடுத்துப் படிக்கும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது.

சோதித்துப் பார்க்க ஆசையா? டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியு-வைச் சொடுக்கினால் ‘அப் டைம்’ என்று ஒரு கணக்கு ஓடும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிற வீட்டிலும் அது ஒரு வாரத்தைத் தாண்டி நிற்பதைப் பார்க்கலாம். முழுசாக அணைக்க, ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள்.

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு நாள் காலையும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. வயது குறைகிறதே என்று நானும் சும்மா இருந்தேன். இப்போது வங்கி வலைத்தளம் திறக்க மறுக்கிறது, ‘பாதுகாப்பில்லை’ என்று பயமுறுத்துகிறது. கடைக்காரர் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்.
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தென்காசி

பதில்: மதர்போர்டை மாற்றுவது கிடக்கட்டும். முதலில் அதன் மேல் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றுங்கள், ஐயா. அதன் பெயர் சிஆர்2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் கணக்கு. 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், நூறு ரூபாய்க்குள் அடங்கும். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஓடுவது இதன் தயவில்தான்.

வங்கி ஏன் கோபித்துக்கொண்டது? ஒவ்வொரு பாதுகாப்பான வலைத்தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் மெஷினுடைய தேதிப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பிரவுசர் நம்ப மறுக்கிறது. வங்கியிலும் குறையில்லை, உங்களிடமும் குறையில்லை.

மாற்றுவது கால் மணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். பேட்டரியின் ஓரத்தில் ஒரு சிறிய கிளிப் இருக்கும். நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எகிறி வரும். ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம், அடியில் போர்டில் கீறல் விழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2-வைத் தட்டி மதர்போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் ஒரு தடவை சரி செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் தேதி பின்வாங்கினால் அப்போது கடைக்காரரைப் பாருங்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் வாங்கலாமா?
– ஜெராக்ஸ் கடை உரிமையாளர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டே அவற்றை ஆதரிப்பதில்லை. அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருக்கிறது. சார்ஜ் போடும்போது மட்டும். பாட்டி “கண் பட்டிருக்கு” என்கிறார்.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: எர்த் விட்டுப்போயிருக்கிறது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கபாசிட்டர்கள் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் இருக்கும். அது எர்த் வழியாகப் போய்ச் சேர வேண்டும். எர்த் இல்லையென்றால் உலோக உடம்புக்கு வந்து உங்கள் கையில் சுருக்கென்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். செருகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். நேராகச் செருகியும் சுருக்கென்றால், எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக் பாயின்ட்டை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் ஆபத்து லேப்டாப்போடு நிற்காது. வாஷிங் மெஷினும் கிரைண்டரும் அதே எர்த்தை நம்பித்தான் இருக்கின்றன. பாட்டிக்காகவாவது இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவ் வாங்கினால் 59 தான் காட்டுகிறது. என் தம்பியோ சந்தையில் நானூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் வாங்கி வந்து, அது முழுசாக 2 டிபி காட்டுகிறது என்று பெருமையடிக்கிறான். யார் ஏமாந்தது?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: தம்பிதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஜிபி கணக்குச் சொல்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அதனால் 64 என்பது 59.6 ஆகத் தெரியும். 1 டிபி டிஸ்க் 931 காட்டும். உங்கள் பென் டிரைவ் யோக்கியமானது.

தம்பியுடையதில் உள்ளே இருப்பது சின்னச் சிப். தன் அளவைப் பெரிதாகச் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரைத் திருத்தியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு எழுதும் ஃபைல்கள் பெயரளவில் தெரியும், திறக்காது. கல்யாண வீடியோவைப் போட்டு அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க எழுதி, மறுபடி படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். லினக்ஸில் அதே வேலைக்கு ‘எஃப்3’ இருக்கிறது. புது பென் டிரைவ் எது வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனை செய்துவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: அப்பா 2001-ல் டைப் செய்து வைத்த ஊர் வரலாறு ஒரு பழைய சிடியில் கிடைத்தது. திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்து ஏதோ வசைபோல வருகிறது. போனது போனதுதானா?
– அரசு ஊழியர், சிவகங்கை

பதில்: ஓர் எழுத்தும் போகவில்லை. மகிழ்ச்சியாக இருங்கள்.

அந்தக் காலத்தில் நம்மில் பலர் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தன. அப்பா ‘ம’ என்று கண்ணால் பார்த்து அடித்தது ஃபைலுக்குள் ஓர் ஆங்கில எழுத்தாகத்தான் பதிந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த வேஷம் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனாலும் அது வீட்டுக் கம்ப்யூட்டர் வரை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. நடுவில் பாமினி, டிஸ்கி, டாம், டாப், வானவில் என்று ஆளுக்கொரு முறையில் எழுதினோம்.

செய்ய வேண்டியது இது. மூல ஃபைலை முதலில் நகலெடுங்கள், நகலில் மட்டும் கை வையுங்கள். அதை லிப்ரே ஆபீஸில் திறந்து ஏதாவது ஒரு வரியில் கர்சரை வைத்தால், மேலே எழுத்துருப் பெட்டியில் ஒரு பெயர் நிற்கும். உங்கள் மெஷினில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் நிற்கும். அதுதான் துப்பு. எழுத்துரு மாற்றியில் அந்த வகையைத் தேர்ந்து, முதலில் ஒரு பத்தியை மட்டும் ஒட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் மிச்சத்தையும் மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: அப்பா நடுநடுவே ஆங்கிலச் சொல் போட்டிருந்தால் அதையும் மாற்றி தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆகவே மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். படிக்க வேண்டிய எழுத்துதானே!

இனிமேல் நீங்கள் எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். விண்டோஸ் 11-லும் மேக்கிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டல்: ஆங்கில விசைகளின் பெயரில் சொன்னால் ஏ, கே, கே, க்யூ. இரண்டாவது ‘ம’ விழுந்ததும் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானே வந்து உட்காரும். ஒரு வாரம் பழகினால் விரல் திரும்பிப் பார்க்காது.

கேள்வி: லேப்டாப் கீபோர்டில் ஃபில்டர் காபி கொட்டிவிட்டது. அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன்.
– ஐடி ஊழியர், கோவை

பதில்: அரிசியைச் சோறாக்கப் பயன்படுத்துங்கள். வெளியே எடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்த புத்தகத்தைக் கவிழ்ப்பதுபோலத் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று போட்டுப் பார்க்கும் அந்த ஒரு விநாடியில்தான் பல போர்டுகள் உயிரை விடுகின்றன. தண்ணீர் காய்ந்தால் போய்விடும். பாலும் சர்க்கரையும் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு உலோகத்தை அரிக்கும். ஆகவே சர்வீஸில் கொடுத்து, பிரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி: அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், 2012 மாடல், பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம். எடைக்குப் போடலாமா?
– தையல் கலைஞர், விருதுநகர்

பதில்: போடாதீர்கள். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த எத்தனையோ மெஷின்கள் தமிழ்நாட்டு வீடுகளில் இப்படித்தான் கிடக்கின்றன. அவற்றின் மூளை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கால்தான் தளர்ந்துவிட்டது, அதாவது சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் அதே திருகு, அதே இடம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். ஆடினால் கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மேலே வைத்து இறுக்குங்கள். ரேமை 4 ஜிபி ஆக்குங்கள்.

விண்டோஸ் 11 அதில் ஏறாது, பாதுகாப்புச் சிப் உட்பட அது கேட்பவை இதில் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆகவே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, தமிழ் தெரிகிறதா, சவுண்டு வருகிறதா என்று மூன்றையும் பார்த்துத் திருப்தியான பிறகு நிறுவினால் போதும். பில் போடவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும், யூடியூபில் ரவிக்கை டிசைன் பார்க்கவும் தாராளமாக வரும்.

கேள்வி: திரை முழுக்கச் சிவப்பாகி ‘வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று அலறுகிறது.
– ஓய்வு பெற்ற செவிலியர், நாகர்கோவில்

பதில்: அழைக்காதீர்கள், அம்மா. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. அது வெறும் வலைப்பக்கம். ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்துங்கள், போய்விடும். ஏற்கெனவே பேசிப் பணமும் போயிருந்தால் வெட்கப்பட்டு நேரத்தை இழக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேள்வி: போட்டோக்களை எத்தனை இடத்தில் வைக்க வேண்டும்?
– புகைப்படக் கலைஞர், தாம்பரம்

பதில்: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ, அவரும் உங்கள் தொழில்காரர்தான். வீட்டுக்கு வெளியே ஏன் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தாம்பரத்துக்காரரிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சார், லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. என்ன பண்ணலாம்?
– மாணவர், வேலூர்

பதில்: பதில் சொல்ல ஆசைதான், தம்பி. என்ன மாடல், எத்தனை வருஷம் ஆயிற்று, ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா, ரேம் எவ்வளவு, ஆன் ஆகும்போது தாமதமா அல்லது இணையம் திறக்கும்போது மட்டுமா? இவற்றை எழுதுங்கள். திரையில் பிழைச் செய்தி வந்தால் அதை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுங்கள், அல்லது போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது பலிக்கவில்லை என்பதையும் சேருங்கள். மற்ற வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள்: ஒரு கோளாறை நீங்களே சரி செய்திருந்தால் அதையும் நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறேன்.