பைக்குள் பை

மார்கழியில் சென்னை 20 டிகிரிக்கு இறங்கினாலே பரணில் குரங்கு குல்லாயைத் தேடுகிற வம்சம் நாம். இப்போது டிசம்பர் லீவு விட்டால் உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்துக்குப் போய், அங்கிருந்து கேதார்கண்டா ஏறுகிறோம். உச்சி சுமார் 12,500 அடி. ராத்திரியில் டென்ட்டுக்குள் வைத்த தண்ணீர்கூட உறைந்துபோகும் ஊர்.

கூட்டிப்போகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக் தருவார்கள். மேலே 'மைனஸ் 10' என்று போட்டிருக்கும். நம்ம ஆள் அதைப் படித்த தெம்பில் பாதி ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார். ஐஎஸ்ஓ 23537 என்ற தர விதிப்படி அந்தப் பைக்கு ஒரு எண் போதாது. முதல் எண், சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கும் குளிர். இரண்டாவது, சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். இன்னொன்றும் உண்டு. அது தூக்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காது. உயிர் தங்குவதைப் பற்றி மட்டும் பேசும். பையில் இருப்பது இதில் எந்த எண் என்று யாரும் கேட்பதில்லை.

ராத்திரி நடுங்கும்போதுதான் ஒரு பை போதாது என்று புரியும். ஆகவே, பைக்குள் இன்னொரு பை. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு பையிலும் ஹீட்டர் கிடையாது. சூடு தருகிற ஒரே பொருள் உள்ளே படுத்திருக்கும் நாம்தான். இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. வெளிப்பை இறுக்கமாக இருந்தால் உள்பை உப்பாது. காற்றும் போச்சு, கதகதப்பும் போச்சு. வெளிப்பை தாராளமாக இருக்கவேண்டும். இறகுப் பை உள்ளே, செயற்கை இழைப் பை வெளியே. உடம்பிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியடுக்கில் போய்க் குளிர்ந்து படியும். நனைந்தால் இறகு துவண்டுவிடும். செயற்கை இழை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

முதுகுக்கு அடியில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. நம் பாரத்தில் இரண்டு பையும் அப்பளமாகிவிடும். அடியில் நல்ல மேட் விரிக்காமல் படுப்பவர் விடிய விடிய இமயமலைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒண்ணுக்கு முட்டும். உள்பையின் ஜிப் இடது பக்கம், வெளிப்பையின் ஜிப் வலது பக்கம். கையுறையோடு தடவினால் முதலில் அகப்படுவது ஸ்வெட்டர் ஜிப். அடுத்தது துணியைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்னும். ஆள் புரளுகிற புரளலில் பக்கத்துப் பையிலிருந்து மாமா குரல் கொடுப்பார்: "என்ன மாப்ளே, கரடியா?" பதில் சொல்லக்கூட அவகாசம் இருக்காது.

எனவே, இரண்டு பை எடுப்பவர்களே, ஜிப் இரண்டும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். குளிருகிறதே என்று பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள்; ஈரம் சேரும். ராத்திரிச் சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். முக்கியமாக, படுக்குமுன் ஒருமுறை ஒதுங்கிவிட்டு வாருங்கள்.