சொல்தா இல்லாத ஊர்

எங்கள் ஊருக்கு வடக்கே காலாப்பட்டு. அது பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது. தெற்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் முத்தியால்பேட்டை. அதுவும் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது. நடுவில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் பொம்மையார்பாளையமும் அக்கம்பக்கத்து ஊர்களும் இங்கிலீஷ்காரனிடம் மாட்டிக்கொண்டன. இன்றைக்கும் புதுச்சேரியில் பஸ் ஏறி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவன், யூனியன் பிரதேசத்தில் ஏறி, தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடி யூனியன் பிரதேசத்தில் இறங்குகிறான். அவனுக்கு அது தெரிவதில்லை. பையில் பாட்டில் வைத்திருப்பவனுக்கு மட்டும் அடி பிசகாமல் தெரியும்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அமலுக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், ‘எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துவிடலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த வீடுகளில் பேரன் பேத்திகள் பாரீஸில் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா தாத்தாக்கள் யூரோவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஜூலை 14 வந்தால் மெடல் குத்திக்கொண்டு புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வருகிறார்கள். எங்கள் ஊர்த் தாத்தாக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மச்சானுக்கு இது ஆறாத புண். “ரெண்டு பக்கமும் அவன் ஊரு. நடுவுல நம்மள மட்டும் எதுக்கு மாமா விட்டான்?” என்று ராபர்ட் கிளைவே என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருப்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்பான். நான் ஈ.சி.ஆர். ஓரமாக ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். மின்கட்டணம், பட்டா, பான் கார்டு எல்லாம் உண்டு. ஆரோவில் பக்கத்தில் இருப்பதால் விசா வேலையும் உண்டு.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து பிடி மண் கொண்டுவந்து தாழியில் போட்டார்கள். மண்ணுக்கு விசா கேட்கவில்லை. மனிதர் வந்தால் கேட்கிறார்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ‘சி’ படிவம் என்று பெயர். மேல்மாடியை வாடகைக்கு விட்ட எங்கள் ஊர் ஆயாக்கள், “தம்பி, நேத்து ஒரு சுவீடன் வந்துது, அதுக்கு சி போட்டுடு” என்று ஆட்டுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிற தோரணையில் வந்து நிற்பார்கள்.

அடுத்த முறை தாங்கள் வருவதற்கோ, வரப்போகும் சிநேகிதருக்கோ என் கடையில் உட்கார்ந்தே இந்திய விசா படிவத்தை நிரப்புகிறவர்களும் உண்டு. அந்தப் படிவம் ஒரு தனி இலக்கியம். மதம் என்ன என்று கேட்கும். தாத்தா பாட்டி பாகிஸ்தான்காரர்களா என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியும் அங்க அடையாளம் கேட்கும். ஒரு டென்மார்க்காரர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி, இதில் எது தேறும் என்று என்னைக் கேட்டார். முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. ஓர் ஆந்தையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். போட்டோவிலும் பேதம் உண்டு. அவர்கள் இங்கே வர இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரம் வேண்டும். நாம் ஐரோப்பாவுக்குப் போக 35க்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். வருகிறவன் முகத்துக்குக் காற்றோட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள். போகிறவன் காதோடு காது ஒட்டி நிற்க வேண்டும்.

இதையெல்லாம் தினமும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான் ஒருநாள் தீர்மானமாகச் சொன்னான். “அவங்கல்லாம் இங்க வந்து பேக்கரி போடுறாங்க. நான் அங்க போய் டிபன் கடை போடுறேன்.”

அவன் டிபன் மாஸ்டர். ஊரிலேயே சின்னதாக ஒரு கடை. வடகறி வைத்தான் என்றால் ரோட்டில் போகிற பைக் யூ டர்ன் அடிக்கும். பாரீஸில் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி, லா சப்பல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே பிள்ளையார் தேரே ஓடுகிறது, இட்லிக்குப் பஞ்சமில்லை என்று எடுத்துச் சொன்னேன். 2023இல் பாரீஸின் சிறந்த பகெத் ரொட்டிக்குப் பரிசு வாங்கியவரே இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா என்பவர்தான், ஒரு வருஷம் அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுத்தார் என்றும் சொல்லிவைத்தேன். அவனை அடக்கச் சொன்ன சேதி அவனைக் கிளப்பிவிட்டது. “பாத்தியா மாமா, ரொட்டியை அவர் பாத்துக்குறாரு. வடகறி காலியாத்தான் இருக்கு.”

பேச்சு பாரீஸ் என்றாலும், விசா என்று வந்ததும் முதலில் அமெரிக்காவைத்தான் பார்த்தோம். அங்கே முதலீட்டாளருக்கு இ-2 என்று ஒரு விசா. அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரருக்கு மட்டும். பாகிஸ்தான் இருக்கிறது, வங்காளதேசம் இருக்கிறது, இலங்கை இருக்கிறது. இந்தியா இல்லை. “அப்ப இலங்கை பாஸ்போர்ட்…” என்று ஆரம்பித்தான். இதே சாலையில் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. பாஸ்போர்ட் என்றால் என்ன என்று அங்கே போய்க் கேட்டுக்கொள் என்றேன். வாயை மூடிக்கொண்டான். அந்தக் கதை சிரிப்புக் கட்டுரைக்குள் அடங்காது.

பிரிட்டனில் தொழில் தொடங்க விசா கேட்டால், யோசனை புதுமையாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். நேற்று மீந்த மசால் வடையை இன்றைக்குக் குழம்பாக்குவதில் உள்ள புதுமையை இங்கிலீஷில் விளக்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை.

ஆகவே பிரான்ஸ். அங்கே தொழில் தொடங்குகிறவருக்கு நான்கு வருஷம் வரை தங்க அனுமதி தரும் ஒரு வழி இருக்கிறது. குறைந்தது 30,000 யூரோ முதலீடு. நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய் சுற்று. முதுகலை அளவுக்குப் படிப்பு, இல்லாவிட்டால் அதற்கு ஈடாக ஐந்து வருஷத் தொழில் அனுபவம். அந்த ஊர்க் குறைந்தபட்சச் சம்பள அளவுக்காவது கையில் வசதி. திட்டம் ‘உண்மையானதாகவும் தீவிரமானதாகவும்’ இருக்க வேண்டுமாம். இந்த வரியைப் படித்துக் காட்டியபோது என் மனைவி சமையல்கட்டிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தம்பியை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

பணத்துக்கு மச்சான் கணக்குச் சொன்னான். சீட்டு எடுத்தால் இவ்வளவு, நகையை வைத்தால் இவ்வளவு, பாக்கிக்கு நிலம். எந்த நிலம் என்றேன். “கடலோரம் தாத்தா நிலம்.” புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பிய பிறகு, மணல் வடக்கே வராமல் நின்று, எங்கள் கரையைக் கடல் அரித்துத் தின்றது ஊரறிந்த கதை. அந்த நிலத்தின் மேல் இப்போது மீன் ஓடுகிறது. நிலம் போனாலும் பட்டா பீரோவில் பத்திரமாக இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆடிட்டர் நாலு எல்லையையும் படித்துவிட்டு, கிழக்கே கடல் என்று போட்டிருக்கிறதே, இப்போது மேற்கேயும் கடல்தானே என்று கேட்டாராம்.

சரி, பணத்தைப் பிறகு பார்ப்போம் என்று காகிதங்களைச் சேர்த்தோம். கடைக்கு உத்யம் பதிவு செய்தேன். அது இலவசம். உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினேன். அதற்கு அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய். கடைக்கு ஒரு பெயர், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வந்தன. முத்திரையைக் கையில் வாங்கியவன், அன்றைக்குக் கடையில் பார்சல் கட்டிய பேப்பரிலெல்லாம் குத்திக் கொடுத்தான்.

எல்லாம் போய் முட்டிய இடம் அனுபவச் சான்றிதழ். சொந்தக் கடைக்கு முன்னால் ஏழெட்டு வருஷம் ஒரு பெரிய ஓட்டலில் மாஸ்டராக இருந்தான். முதலாளி தங்கமான மனிதர். தீபாவளிக்கு இப்போதும் வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர். வேலை பார்த்தான் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

“உனக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்டா. எழுத்துல மட்டும் கேக்காத. இத்தனை வருஷம் இருந்தான்னு நான் எழுதினா, இத்தனை வருஷ பி.எஃப். எங்கன்னு ஒருத்தன் வந்து நிப்பான்.”

கடைசியில் நல்ல மனசோடு ஒரு கடிதம் கொடுத்தார். ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில், ‘இவரை எனக்குத் தெரியும், நல்ல பையன்’ என்று எழுதித் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்பக்கத்தில் ஸ்பெஷல் மீல்ஸ் ரெண்டு, ஆம்லெட் ஒன்று என்று இருந்தது. இதையே வைத்து முடித்துத் தருகிறேன், ரெண்டு லட்சம் ஆகும் என்றார் ஒரு ஏஜென்ட். அவருடைய ஆபீஸ் சுவரில் ஈபிள் கோபுரம் பெரிதாக இருந்தது. ஆபீஸுக்குப் பெயர்ப்பலகை இல்லை. மச்சானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபைல் என் கடை அலமாரியில் ஏறியது. அவன் வடகறிக்குத் திரும்பினான்.

லியோன் நகரத்திலிருந்து வருஷா வருஷம் வந்து எங்கள் தெருவில் தங்குகிற ஒரு பிரெஞ்சு அம்மா இருக்கிறார். தமிழ் கொஞ்சம் பேசுவார். மச்சான் கடை இட்லிப்பொடி என்றால் அவருக்கு உயிர். ஊரில் அவருக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. அதில் இந்தப் பொடியை வைத்து விற்கலாம், அடுத்த முறை டூரிஸ்டாக வராமல் முறைப்படி பிசினஸ் விசாவில் வந்து ஆர்டர் பேசலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பதிவு பெற்ற ஓர் இந்திய நிறுவனம் அழைப்புக் கடிதம் தர வேண்டும். யாரிடம் பதிவும் லெட்டர்பேடும் முத்திரையும் புத்தம் புதிதாக இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கடையில்தான் சந்திப்பு. மச்சான் சட்டையை டக்-இன் செய்துகொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டேன்.

“பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டாந்தீங்களா?”

அந்த அம்மா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. மூன்று வருஷ வரவு செலவுத் திட்டம் கேட்டான். கடையில் எத்தனை வருஷ அனுபவம், அதற்கு யார் சான்று என்று கேட்டான். ரிட்டர்ன் டிக்கெட் கேட்டான். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“வேலை முடிஞ்சதும் உங்க ஊருக்கே திரும்பிப் போயிடுவீங்கன்றதுக்கு என்னம்மா ஆதாரம்?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “லியோன்ல எனக்கு ஒரு பூனை இருக்கு.”

மச்சான் என் பக்கம் திரும்பினான்.

“பூனைக்குப் போட்டோ இருக்கான்னு கேளு மாமா. சதுரமா இருந்தாலும் பரவாயில்ல.”