கடலுக்குள் அடுத்த பாதை

கொழும்பில் காலி வீதியின் நெரிசலைக் குறைக்க டுப்ளிகேஷன் வீதி இருந்தது. அது போதாமல் மரைன் டிரைவ் வந்தது. இப்போது அதுவும் நிரம்பிவிட்டது. திட்டம் வெற்றி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மரைன் டிரைவால் வெள்ளவத்தைக்குப் புத்துயிரும் வந்தாயிற்று: கடல் பார்த்த மாடிவீடுகள், மண்டபங்கள், சாப்பாட்டுக் கடைகள். டபுள் சிக்னலைப் போட்டு நடுத்தெருவில் காரை விட்டவர், "ஒரு நிமிஷம் அண்ணே" என்று கொத்து வாங்கப் போகிறார். அவர் வரும்வரை பின்னால் நிற்பவர்களுக்குக் கடற்காற்று இலவசம்.

இனிக் கடல்தான். துறைமுக நகரத்துக்கு 269 ஹெக்டேயர் கடலைத் தூர்த்த ஊருக்கு நாலு லேன் ஒரு காரியமா? அதுவும் நிரம்பினால் மாலைதீவு வரை இடம் கிடக்கிறது.

ஒரேயொரு இடைஞ்சல், கரையோரக் கோச்சி. ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயிலை 2020இல் கைவிட்ட தெளிவு நமக்குண்டு. ஆனால் இந்தப் பழைய கோச்சி, மிதிபலகையில் சனம் தொங்கத் தொங்க, நெரிசலில் நிற்கும் கார்க்காரரைப் பார்த்துக் கூவிக்கொண்டே கடந்துபோகிறது. என்ன மரியாதை இது? தண்டவாளத்தைக் கழற்றுங்கள், இன்னும் இரண்டு லேன் தேறும்.