குளிர வைத்துக் குணமாக்கியவர்கள்

கல்முனையில் வாடைக்காத்து தொடங்கினால் மூத்தம்மாமாரின் முதல் வைத்தியம், "கதவச் சாத்து மனே!" ஐரோப்பிய டொக்டர்மாரோ ஒரு காலத்தில் காசநோய்க்காரரைக் குளிரிலே கிடத்தி, அதற்குக் காசும் வாங்கினார்கள்.

1854இல் ஹெர்மன் பிரெமர் என்பவர் கோர்பர்ஸ்டோர்ஃப் என்ற மலையூரில் காசநோய்க்காரர் தங்கி வைத்தியம் பார்க்கும் சானட்டோரியம் திறந்தார். நுரையீரலுக்கு ஏற்ற அளவில் இதயம் இல்லாததால்தான் இந்த நோய் வருகிறதாம். மலை ஏறி நடந்தால் இதயம் பலக்குமாம். காரணம் பிழை. ஆனாலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவரிடமே நோயாளியாகப் போய்த் தேறிய டொக்டர் டெட்வைலர், 1876இல் ஃபால்கன்ஸ்டைனில் எதிர்க்கடை போட்டார். அங்கே நடை கூடாது. விறாந்தையில் சாய்வு நாற்காலி போட்டு நாள் முழுக்கப் படுக்க வேண்டும். சளி துப்பச் சட்டைப்பையில் கொண்டுதிரியும் நீலக் கண்ணாடிக் குப்பியும் அவர் உபயம்தான். சனம் அதற்கு 'நீல ஹைன்ரிஷ்' என்று பேரும் வைத்தது.

கணித மேதை ராமானுஜனும் இந்த வைத்தியத்தில் மாட்டினார். 1917இல் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவரைப் பார்த்தவர் சௌரி முத்து என்ற இந்திய டொக்டர். 1914இல் ஒரே கப்பலில் வந்த பழக்கம். அடுத்து மாட்லொக் சானட்டோரியம். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த மனிசன் அறைக்கு நெருப்புக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். குளியலறை மட்டும் கதகதப்பாக இருந்ததால், தாளும் பேனையுமாக அங்கே போய்க் கணக்குப் போடப்போவதாகக் கடிதம் எழுதினார். இவ்வளவு விறைத்தும் என்ன? அவருக்குக் காசமே இல்லை, ஈரலில் அமீபா என்று 1994இல் ஒருவர் பழைய குறிப்புகளைக் கிளறி வாதாடினார்.

சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானட்டோரியம் கட்டினார். இன்றும் அந்தப் பேருள்ள நிலையத்தில் ரயில் நிற்கிறது.

சானட்டோரியங்களுக்கு மையத்து அறிவித்தலும் சென்னையிலிருந்தே வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானட்டோரியக் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபாதிக்குச் சொந்த வீடு: நெருக்கடி, அரைவயிறு, ஓய்வும் குறைவு. மருந்து மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று, ஒரு வருடத்துக்கு. 1959இல் வந்த முடிவு: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. நூறு வருடமாக விற்ற காற்றும் மலையும் பாலும் முட்டையும் வெறும் குளிசைகளுக்கு முன்னால் தோற்றன.

டெட்வைலரின் நாற்காலிக்கு மட்டும் வேலை போகவில்லை. அறுகம்பையில் போய்ப் பாருங்கள். நோயே இல்லாத வெள்ளைக்காரர் காசு கொடுத்து அதில் கிடக்கிறார்கள். நீலக் குப்பிதான் கொடுப்பதில்லை.