இந்த முகவரியும் அந்த முகவரியும் ஒன்றா?

1990களின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐபி முகவரி என்றால் நாலு பைட். சி மொழியில் அது 32 பிட் கொண்ட ஒரு முழு எண், அவ்வளவுதான். இரண்டு முகவரிகள் ஒன்றா என்று பார்க்க நடுவில் == போட்டால் போதும். ஒரு முகவரி இன்ன நெட்வொர்க்கைச் சேர்ந்ததா என்று தெரிய மாஸ்க்கோடு ஒரு ‘அண்டு’ போட்டால் போதும். இன்று நான் கோ மொழியில் எழுதுகிறேன். இன்றும் இரண்டு முகவரிகளுக்கு நடுவில் == போடுகிறேன்; விடை சரியாக வருகிறது. நடுவில் பல ஆண்டுகள் அந்த எளிய காரியம் எங்கள் கையைவிட்டுப் போயிருந்தது. அது போன கதையும் திரும்பி வந்த கதையும் நிரலாளர்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

1998 கடைசியில் இணையச் சேவை நடத்தத் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. அப்போது முளைத்த நிறுவனங்களில் ஒன்றில், சென்னையில், எனக்கு வேலை. வாடிக்கையாளர் யார், எந்த முகவரியில் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று கணக்கெடுக்கும் நிரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அவற்றை சன் ஸ்பார்க் இயந்திரங்களுக்காக எழுதி வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க அவற்றை இன்டெல் சிப் போட்ட லினக்ஸ் பெட்டிகளுக்கு மாற்றச் சொன்னார்கள்.

மாற்றிய அன்றே பதிவேட்டில் 10.1.168.192 என்றொரு முகவரி வந்தது. பார்க்க ஒழுங்கான முகவரி. 10-இல் தொடங்குவதெல்லாம் உள் நெட்வொர்க்குகளுக்கு என்று 1996இலேயே ஒதுக்கியாயிற்று. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. எங்கள் சீனியர் மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இதைப் பின்னாலிருந்து படிம்மா” என்றார். 192.168.1.10. எங்கள் அலுவலகத்தின் சொந்த முகவரி, தலைகீழாக.

நாலு பைட்டை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய பக்கத்தை முதலில் வைப்பதா, சின்ன பக்கத்தை முதலில் வைப்பதா என்பதில் சிப் செய்கிறவர்கள் இரண்டு கட்சி. இந்தச் சண்டைக்கு ‘கலிவரின் பயணங்கள்’ கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போடுகிறவர்களின் பெயரையே வைத்து, 1980 ஏப்ரல் 1ஆம் தேதியிட்டு டேனி கோயன் ஒரு கட்டுரை எழுதினார். கம்பியில் போகும்போது பெரிய பக்கம் முதலில் என்பது இணையத்தின் விதி. ஸ்பார்க்கும் அதே கட்சி. அதனால் வரிசை மாற்றும் ஃபங்ஷனைக் கூப்பிடாமல் விட்டாலும் அங்கே ஓடிவிடும். இன்டெல் எதிர்க்கட்சி. வெறும் எண்ணாகப் பார்த்தால் இரண்டும் எண்தான். எது கம்பியின் வரிசையில் இருக்கிறது, எது கணினியின் வரிசையில் இருக்கிறது என்று அந்த மாறிக்குத் தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது. எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருந்த தகவல் அது. அவர் வேலையை விட்டுப் போனபோது தகவலும் கூடவே போய்விட்டது.

இன்னொரு தொல்லை அச்சிடுவதில். எண்ணை நாலு புள்ளி வடிவத்துக்கு மாற்ற ‘ஐநெட் என்-டு-ஏ’ என்று ஒரு ஃபங்ஷன், 1980களின் பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்தது. அது விடையை எழுதி வைக்கத் தனக்குள்ளேயே ஒரே ஒரு இடம் வைத்திருக்கும். அனுப்பியவர், பெற்றவர் என்று இரண்டு முகவரிகளை ஒரே வரியில் அச்சிட அதை இரண்டு முறை கூப்பிட்டால், இரண்டாவது விடை முதலாவதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். பதிவேட்டில் 10.0.0.5 என்பவர் 10.0.0.5 என்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். பாக்கெட் எல்லாம் தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்ளும் பதிவேடு ஒன்றை நான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையில், எழுத்தை எண்ணாக்கும் ‘ஐநெட் ஆட்டர்’ தப்பான முகவரி வந்தால் -1 என்று திருப்பித் தரும். 32 பிட்டில் -1 என்றால் எல்லாம் ஒன்று, அதாவது 255.255.255.255. அதுவோ முழுச் செல்லுபடியான ஒலிபரப்பு முகவரி. “இது முகவரியே இல்லை” என்று சொல்ல அந்த நாலு பைட்டுக்குள் இடமில்லை, ஏனென்றால் 429 கோடிச் சொச்சம் மதிப்புகளும் ஏற்கெனவே முகவரிகள்.

இந்தத் தொல்லைகளைக் கண்டு பயந்தவர்கள் முகவரியை எழுத்துச் சரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று போனார்கள். பெர்ல் ஸ்கிரிப்ட்டுகளிலும் டேட்டாபேஸிலும் இதுதான் வழக்கமாயிற்று. 255.255.255.255 என்பதில் 15 எழுத்து. ஆகவே டேபிளில் 15 எழுத்துக்கு ஒரு நெடுவரிசை. ஜாவாக்காரர்களுக்கு வேறு காரணமும் இருந்தது. அங்கே குறியில்லாத முழு எண் கிடையாது, 192.168.1.1 என்பதை எண்ணாக வைத்தால் -1062731519 என்று எதிர்மறையாக வந்து நிற்கும்.

சரமாக வைத்ததும் வரிசைப்படுத்தல் கெட்டது. எழுத்தைப் பார்த்து அடுக்கினால் 10.0.0.10 முன்னால் வரும், 10.0.0.9 பின்னால் போகும். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: எல்லாவற்றையும் மூன்று இலக்கமாக்கி முன்னால் பூஜ்யம் சேர்த்துவிடுவது. 10.0.0.12 இப்போது 010.000.000.012. பட்டியல் அழகாக அடுக்கப்பட்டது. பிறகு ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை எடுத்து அப்படியே பிங் கட்டளையில் ஒட்டினார். பிங் போனது 8.0.0.10-க்கு. சி மொழியில் பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். முகவரி படிக்கும் பழைய ஃபங்ஷனும் அதே வழக்கத்தைப் பின்பற்றியது. 010 என்றால் எட்டு, 012 என்றால் பத்து. எங்கள் கட்டடத்துக்குள் இருந்த சர்வரை எழுப்பப் போன பாக்கெட் கடல் கடந்து யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்தது. அதே ஃபங்ஷனுக்கு 127.1 என்று கொடுத்தாலும் 127.0.0.1 என்றுதான் புரியும். 2130706433 என்று ஒரே எண்ணாகக் கொடுத்தாலும் அதேதான். ஒரு முகவரிக்கு இத்தனை எழுத்து வடிவம் இருக்கும்போது எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு “ஒன்றா, வேறா” என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இதை அன்றே ஊன்றிக் கவனித்திருந்தால் பின்னால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஐபி ஆறாம் பதிப்பு 1995 டிசம்பரில் வரையறுக்கப்பட்டது. 32 பிட் 128 பிட் ஆனது. 15 எழுத்து நெடுவரிசையெல்லாம் செல்லாக்காசு. அதன் எழுத்து வடிவமோ இன்னும் தாராளம்: ::1 என்றாலும் 0:0:0:0:0:0:0:1 என்றாலும் ஒரே முகவரி. நடுவில் தொடர்ந்து வரும் பூஜ்யங்களை எங்கே சுருக்குவது, எழுத்துகளைப் பெரியதாகப் போடுவதா சின்னதாகப் போடுவதா என்பதற்கெல்லாம் 2010 ஆகஸ்டில்தான் ஒரு பரிந்துரை வந்தது. பதினைந்து ஆண்டு அவரவர் இஷ்டம். அடுத்த சில மாதங்களில், 2011 பிப்ரவரி 3ஆம் தேதி, உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி நாலாம் பதிப்பு, அதாவது பழைய 32 பிட், முகவரித் தொகுதிகளும் பகிரப்பட்டுவிட்டன.

முகவரி என்பது எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை, தனக்கென்று ஒரு வகை வேண்டிய பொருள் என்ற எண்ணம் மொழிகளுக்குள் மெதுவாகத்தான் வந்தது. பைத்தானில் கூகுளின் பீட்டர் மூடி எழுதிய நூலகத்தை 2009இல் 3.1 பதிப்பில் சேர்த்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே எதிர்ப்புக் கிளம்பி எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பின் சாரம், அந்த நூலகம் ஒரு தனி முகவரியையும் ஒரு நெட்வொர்க்கையும் ஒரே பொருளாகக் குழப்புகிறது என்பது. எனக்கு அந்த எதிர்ப்பு மிகவும் நியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது. 192.168.1.5/24, அதாவது முதல் 24 பிட் நெட்வொர்க்குக்கு, என்று ஒருவர் எழுதினால் அவர் மனத்தில் இருப்பது அந்த ஒரு கணினியா, அந்த 256 முகவரி கொண்ட தெருவா? 2012 செப்டம்பரில் 3.3 பதிப்போடு வந்த புதிய நூலகம் மூன்று வகைகளைப் பிரித்துக் கொடுத்தது: முகவரி, நெட்வொர்க், நெட்வொர்க்குக்குள் அமர்ந்திருக்கும் முகவரி. 192.168.1.5/24 என்பதை நெட்வொர்க் என்று கொடுத்தால், கணினிப் பகுதியில் பிட்டுகள் இருக்கின்றன என்று சொல்லி மறுத்துவிடும். தப்பை மௌனமாக விழுங்கிக்கொள்ளும் நூலகங்களோடு காலம் தள்ளிய எனக்கு அந்த மறுப்பு பெரிய ஆறுதல்.

கோ மொழிக்கு நான் மாறியது இதற்குப் பிறகு. நெட்வொர்க் வேலைக்கென்றே பிறந்ததுபோல அவ்வளவு சுகமான மொழி. ஆனால் அதில் ஐபி முகவரியை பைட்டுகளின் ஸ்லைஸாக வைத்திருந்தார்கள். ஸ்லைஸுக்கு நடுவில் == போட முடியாது. மேப் என்கிற தேடல் அட்டவணையில் கீயாகவும் வைக்க முடியாது. நாலாம் பதிப்பு முகவரியே சில நேரம் 4 பைட், சில நேரம் 16 பைட்.

அதைவிட மோசம், ஸ்லைஸ் என்பது வேறெங்கோ இருக்கும் பைட்டுகளைக் காட்டும் விரல். ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரு பட்டியலில் சேர்க்கும் நிரலைக் கண்டிருக்கிறேன். முடிவில் பட்டியல் முழுக்க ஒரே முகவரி, கடைசியாகக் கூட்டியது. எல்லா விரலும் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. பெர்க்லி யூனிக்ஸின் அந்தப் பழைய அச்சுத் தொல்லைதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பழைய நிரலைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, முகவரியை எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரிங்கா மாத்தி மேப்ல போடறாங்க? பாக்கெட்டுக்கு ஒரு ஸ்ட்ரிங்னா மெமரி என்னாகறது?”

“கீயா வைக்கணும்னா அப்போ வேற வழி இல்லம்மா. இப்போ இருக்கு, மாத்திடு.”

அந்த வழியை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக். கோ மொழிக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர். பிறகு டெயில்ஸ்கேல் நிறுவனத்துக்குப் போய் அங்கே சகாக்களோடு சேர்ந்து புதிய முகவரி வகையைச் செதுக்கினார். 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில் அது மொழியின் சொந்த நூலகத்துக்குள் ‘நெட்ஐபி’ என்ற பெயரில் சேர்ந்தது. அதன் உள்ளமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மொத்தம் 24 பைட். 16 பைட்டில் முகவரி எண், மிச்சம் 8 பைட்டில் ஒரு சுட்டி. அந்தச் சுட்டி வெறுமையாக இருந்தால், இது முகவரியே இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டினால் நாலாம் பதிப்பு, இன்னோர் இடத்தைக் காட்டினால் ஆறாம் பதிப்பு. ஆறாம் பதிப்பில் ஒரே கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் உண்டு; எந்த நெட்வொர்க் கார்டு வழியாக என்று சேர்த்துச் சொன்னால்தான் அவற்றுக்கு அர்த்தம். அந்தக் கார்டின் பெயரை நினைவகத்தில் ஒரே ஒரு முறை வைத்து, அந்தப் பெயருள்ள எல்லா முகவரிகளின் சுட்டியும் அங்கேயே காட்டும்படி செய்தார்கள். பெயர் ஒன்றென்றால் சுட்டி ஒன்று. ஆகவே == போட்டால் எண்ணும் ஒப்பிடப்படும், பதிப்பும் ஒப்பிடப்படும், கார்டும் ஒப்பிடப்படும். 1990களில் 4 பைட் எண்ணுக்குக் கிடைத்த அதே வசதி; அன்று -1 பறித்துக்கொண்ட “முகவரியே இல்லை” என்ற இடமும் கூடவே கிடைத்தது.

எழுத்தின் தொல்லை மட்டும் வாசலிலேயே நின்றது. 2021இல் அது பெரிதாக வெடித்தது. நோட்.ஜேஎஸ் நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘நெட்மாஸ்க்’ நூலகம் 0177.0.0.1 என்பதை 177.0.0.1 என்று படித்தது. எட்டடிமானத்தில் அது 127.0.0.1, அதாவது அந்த சர்வரே. வாசலில் சோதிக்கும் நூலகம் “இது வெளியூர் முகவரி, போகலாம்” என்று விடும். இணைப்பைப் போடும் அடுக்கு பழைய சி வழக்கப்படி படித்து, சர்வரின் உள்ளறைக்கே அழைத்துப் போகும். அதே ஆண்டு பைத்தான், கோ, ரஸ்ட் மூன்றிலும் முன்பூஜ்ய ஓட்டை வெளியே வந்தது. பைத்தானில் முதலில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது, 3.8 பதிப்பில் அதைத் தளர்த்தியிருந்தார்கள். 2021இல் மூன்று மொழிகளும் ஒரே முடிவுக்கு வந்தன: முன்பூஜ்யம் இருந்தால் முகவரி செல்லாது. எட்டடிமானமா பதின்மமா என்று ஊகிக்க முயலவே இல்லை. எனக்கு அதுவே சரி.

இப்போது என் மேசையில் இருப்பது வேறு சிக்கல். அன்று ஒரு நாலாம் பதிப்பு முகவரிக்குப் பின்னால் ஓர் அலுவலகமே ஒளிந்திருக்கும். ஒருவர் செய்த குறும்புக்கு முகவரியைத் தடை செய்தால் அத்தனை பேருக்கும் கதவு மூடும். இன்று, குறிப்பாக 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, இந்தியாவில் கைபேசிகள் பெருவாரியாக ஆறாம் பதிப்பில் வருகின்றன. ஒவ்வொரு கைபேசிக்கும் நெட்வொர்க் கொடுப்பது ஒரு முகவரி இல்லை, /64 என்கிற முழுத் தொகுதி. அதற்குள் 1,84,467 கோடி கோடி முகவரிகள். ஒருவர் நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே வரலாம். ஆகவே தடைப் பட்டியலின் கீ முகவரியாக இருக்கக்கூடாது, தொகுதியாக இருக்க வேண்டும். நெட்ஐபியில் தொகுதிக்கும் ஒரு வகை உண்டு, அதற்கும் == உண்டு, அதையும் மேப்பில் கீயாக வைக்கலாம். நாலாம் பதிப்பு என்றால் /32, ஆறாம் பதிப்பு என்றால் /64.

அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நாலாம் பதிப்பு முகவரி சில நேரம் ஆறாம் பதிப்பின் உறைக்குள் வரும்: 80 பூஜ்ய பிட், 16 ஒன்றுகள், பிறகு பழைய 32 பிட். உறையோடு வந்த 10.0.0.9-உம் உறையில்லாமல் வந்த 10.0.0.9-உம் ஒன்றா? இல்லை என்கிறது நெட்ஐபி. ஒன்றுதான் என்று நினைக்கிறவர் உள்ளே வந்ததும் உறையைப் பிரித்துவிட வேண்டும். எங்கள் சேவைக்கு அவை ஒன்றுதான். உறை பிரிக்கும் அந்த ஒரு வரியை முகவரி நுழையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், வேறெங்கும் வேண்டாம் என்றும்.