கிளெமான்சோவின் தலையெழுத்து

முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பிரான்சைத் தாங்கிப் பிடித்த பிரதமர், 'புலி' என்று பெயரெடுத்தவர், ஜார்ஜ் கிளெமான்சோ (1841–1929). அவர் நடத்திய போரையும் முடித்த உடன்படிக்கையையும் அறிஞர்கள் போதுமான அளவு அலசிவிட்டார்கள். பெயரை எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது என்ற பெரிய கேள்வியைத்தான் தமிழுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது.

முதலில் மூலபாடம். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குப் பத்து எழுத்து. காதில் விழுவதோ மூன்றே அசை. சிக்கல் முதல் அசையில். அங்குள்ள ரோமன் 'ஈ'யின் தலையில் ஒரு சாய்கோடு இருந்தால்தான் 'க்ளெ' என்ற தெளிவான ஒலி வரும் என்பது பிரெஞ்சு விதி. இந்தப் பெயரில் கோடு கிடையாது. ஆனாலும் கோடு இருப்பதுபோலவே உச்சரிக்க வேண்டும். விதியை நம்பிப் படித்தால் உச்சரிப்பு தவறும். உச்சரிப்பை நம்பிக் கோடு போட்டால் எழுத்துப்பிழை. பிரெஞ்சுக்காரர்களே இரண்டு தவறையும் தாராளமாகச் செய்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவில் 'ஷான்செலிசே–கிளெமான்சோ' என்றொரு நிலையம் உண்டு. ஷான்செலிசேவுக்கு இரண்டு தலைக்கோடு, பக்கத்திலேயே நிற்கும் கிளெமான்சோவுக்கு ஒன்றுமில்லை.

1898 ஜனவரி 13 அன்று, எழுத்தாளர் எமில் ஸோலாவின் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்துக்கு 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று தலைப்பு வைத்தவர் கிளெமான்சோதான். ஊரார் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தவர் தன் பெயருக்கு ஒரு தலைக்கோடு வைக்கவில்லை.

இந்த வழக்கைத் தீர்க்கும் தகுதி தமிழருக்கு நிறையவே உண்டு. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது தொல்காப்பியம். ஓலையில் எழுதியவர்கள் அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எது எகரம், எது ஏகாரம் என்பதை இடம் பார்த்துப் படிப்பவரே தீர்மானித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பு போட்டு அதைச் சீர்ப்படுத்தினார் என்பார்கள். ஆக, அடையாளம் இல்லாத எழுத்தைச் சரியாகப் படிப்பது நம்மவர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். கிளெமான்சோ கதை அவர்களுக்கு ஓலைச்சுவடிக் கதைதான்.

நடு அசைக்கு வருவோம். இது மூக்கால் வரும் 'ஆ'. எழுத்தில் காட்டத் தமிழில் வழியில்லை. வாயில் தாராளமாக இருக்கிறது. 'அவன் வந்தான்' என்பதைத் தெருவில் பேசுவதுபோல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய் ஒட்டாது. 'ஆ' மட்டும் மூக்கு வழியாக நழுவும். கிளெமான்சோவின் நடு அசை அதேதான். பாரிஸ் போய்க் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

கடைசியில், 'ஓ' என்ற ஒரே உயிருக்குப் பிரெஞ்சில் மூன்று எழுத்து. சிரிப்பவர்கள் முதலில் 'சோ' என்று எழுதிப் பார்க்கட்டும்: முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் 'ச', பின்னால் ஒரு கால். எண்ணிக்கை அங்கும் மூன்றுதான்.

மொழிமுதலில் மெய் வராது என்பதால் 'க்'குக்கு ஓர் இகரம் கொடுத்துக் 'கி' ஆக்கியாயிற்று. ஆங்கில வழியில் வரும் 'கிளமென்சோ', 'கிளெமென்சியு' என்ற பாடபேதங்களை இவ்வாய்வு தள்ளுகிறது. 'கிளெமான்சோ' என்பதே தீர்ப்பு.

அவர் பெயர் தாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று 2005 டிசம்பர் 31 அன்று, உடைபடுவதற்காக குஜராத்தின் ஆலங்கை நோக்கிப் புறப்பட்டது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் பெரிய சர்ச்சையாகி, 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பெயரைச் சரியாகச் சொல்லிப் பழக இந்தியாவுக்குக் கிடைத்த வாய்ப்பு பாதிக் கடலோடு போயிற்று.

சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்தக் குறை இல்லை. 1920 நவம்பரில், போர் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியபோது கிளெமான்சோ அங்கே நேரில் நின்றார். அவர் பெயரில் அந்நகரில் கிளெமான்சோ அவென்யூ இருக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை அடையும் முன் அந்தச் சாலை வழியாகத்தான் போகின்றன.